திரும்பி வரும் நாளிலிருந்து

மாநாட்டுக்குப் போகிறவர் தமக்கென்று போட்டுக்கொள்ளும் நேர அட்டவணையில் பெரும்பகுதி, எதை விடுவது என்ற தீர்மானம்தான். எதையும் விடாமல் கேட்டுவிடக்கூடிய மாநாடுகளும் ஒரு காலத்தில் இருந்தன. 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தா ஆசியக் கழகக் கட்டடத்தில் கூடிய முதல் இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வந்தவர்கள் 105 பேர்; வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 35. மனம் வைத்தால் மூன்று நாளில் ஏறக்குறைய அத்தனையையும் கேட்டிருக்கலாம். தாவரவியல்காரர் நிலவியல் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த அளவு இப்போது எந்தத் துறைக்கும் இல்லை. மிலானில் 2023 ஜூன் 8 முதல் 14 வரை நடந்த இட்மா ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் 47 நாடுகளைச் சேர்ந்த 1,709 நிறுவனங்கள் அரங்கு போட்டிருந்தன. ஏழு நாளும் நாளுக்கு எட்டு மணி நேரம் நின்று பார்த்தாலும் ஓர் அரங்குக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. நடக்கிற நேரமும் சாப்பாட்டு நேரமும் அந்தக் கணக்கில் இல்லை. சாயம், ரசாயனம், நெய்யாத்துணி என்று பக்கத்திலேயே நடந்த கருத்தரங்குகளும் இல்லை.

திருப்பூர்ப் பகுதியின் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இத்தகைய கூட்டங்கள் மூன்று தூரங்களில் நடக்கின்றன. ஊரிலேயே, அவிநாசி சாலையில் திருமுருகன்பூண்டி வளாகத்தில், இந்தியா நிட் ஃபேர். ஐம்பது கிலோமீட்டரில் கோவை. 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா அங்கே இருக்கிறது. விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் தொடங்கிய அடிரா, மும்பையின் பிட்ரா, காசியாபாத்தின் நிட்ரா, சிட்ரா ஆகிய நான்கும் சேர்ந்து கூட்டுத் தொழில்நுட்ப மாநாடு நடத்துவது நெடுநாள் வழக்கம். நூற்பாலை, நெசவு, பதனிடுதல் ஆகியவற்றில் தங்கள் ஆய்வகங்கள் கண்டதை ஆலைக்காரர்கள் முன் வைப்பதற்கான இடம் அது. மூன்றாவது தூரம் கடல் தாண்டியது. 1951இல் பிரான்சின் லீல் நகரில் தொடங்கிய இட்மா, நான்காண்டுக்கு ஒருமுறை ஐரோப்பிய நகரம் ஒன்றில் கூடுகிறது. நிட் ஃபேர் வியாபாரம். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பவர் சரக்கு வாங்க வரும் பையர். மற்ற இரண்டிலும் போகிறவர் தாமே தீர்மானிக்க வேண்டும்.

அட்டவணை போடும் வித்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. எந்த ஏற்றுமதிக் கம்பெனியிலும் மெர்ச்சண்டைசர் மேசையில் டி அண்ட் ஏ, அதாவது டைம் அண்ட் ஆக்‌ஷன், என்றொரு தாள் இருக்கும். ஷிப்மெண்ட் தேதியை முதலில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வருவார்கள்: தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள், கடைசி இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், செக்கிங், தையல், கட்டிங், துணி உள்ளே வர வேண்டிய நாள், துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பேக்டிங், சாயம், நிட்டிங், நூல், எல்லாவற்றுக்கும் முன்னால் லேப் டிப் எனும் சாய மாதிரிக்கு ஒப்புதல். ஒவ்வொரு நாளும் அதற்கு அடுத்து வரும் வேலையிலிருந்து பிறக்கிறது. ‘நூல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று முன்பக்கத்திலிருந்து எண்ணுகிற கம்பெனி, கடைசியில் சரக்கை விமானத்தில் அனுப்பிக் கையைச் சுட்டுக்கொள்ளும்.

மாநாட்டு அட்டவணையும் இப்படிப் பின்னோக்கித்தான் போட வேண்டியது. இதில் ஷிப்மெண்ட் தேதியின் இடத்தில் இருப்பது, ஊர் திரும்பி வந்து சாயப்பட்டறையில் ஒரு சாம்பிள் லாட் ஓட்டிப் பார்க்கும் நாள். அந்த லாட்டில் என்ன மாற்றிப் பார்க்கப்போகிறோம் என்பது கிளம்பும்போதே ஓரளவாவது தெரிந்திருந்தால், எந்தக் கட்டுரையைக் கேட்பது, யாரைத் தேடிப் போவது, எந்த அரங்கில் அரை நாள் நிற்பது என்பதெல்லாம் அதிலிருந்து தானாக விழும். பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறு. நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, பிடித்த தலைப்புகளுக்கு எதிரே டிக் அடித்துக்கொண்டே போவார்கள். முடிவில் ஒரே பதினொரு மணிக்கு மூன்று இடத்தில் இருக்க வேண்டியதாகிவிடும்.

பட்டறையிலிருந்து கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதற்குக் கருப்பு ஷேடு ஒன்று போதும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் நாரும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நாரின் பக்கம் கொண்டுசேர்க்கிறது. அதன்பின் சோடா போட்டதும் சாயம் நாரோடு வேதிப் பிணைப்பில் இறுகுகிறது. வெளிர் நிறங்களுக்குக் கொஞ்சம் உப்பு போதும். கருப்பு, நேவி ப்ளூ போன்றவற்றுக்கு லிட்டருக்கு 80 கிராம், சில சமயம் அதற்கு மேலும் போகும். உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டதத்தனையும் கழிவுநீரில் வருகிறது. சாயத்திலும் ஒரு பங்கு நாரைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி அதே கழிவில் சேருகிறது. ஐசிஐ கம்பெனியின் ராட்டியும் ஸ்டீபனும் கண்டுபிடித்த முதல் ரியாக்டிவ் சாயமான புரோசியன் சந்தைக்கு வந்ததும் 1956இல்தான், சிட்ரா தொடங்கிய அதே ஆண்டு. அந்தச் சாயக் குடும்பத்தின் பளிச்சென்ற நிறங்களை வைத்துத்தான் பின்னாளில் இந்த ஊரின் டி-ஷர்ட் ஏற்றுமதி வளர்ந்தது. அதன் உப்பைத்தான் நொய்யல் ஆறு சுமந்தது.

அந்த மாசு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவில் திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றன. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத அமைப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. அதற்குப் பிறகு ஆர்.ஓ. சவ்வுகளும் எவாப்பரேட்டர்களும் இல்லாமல் இங்கே சாயத்தொழில் இல்லை. தண்ணீரில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கிறது. செறிந்த உப்பு நீரை மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள், அல்லது ஆவியாக்கிச் சோடியம் சல்பேட்டாகப் பிரிக்கிறார்கள். ஆக ஒவ்வொரு கிலோ உப்புக்கும் இங்கே இரண்டு விலை: வாங்கும்போது ஒன்று, நீரிலிருந்து மீட்கும்போது இன்னொன்று. வேறு ஊர்ச் சாயப்பட்டறைக்காரர் கொட்டாவி விடுகிற ஒரு கட்டுரையைத் திருப்பூர்க்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கேள்வி என்றால் ஆம், இல்லை, இவ்வளவு என்று பதில் வரக்கூடியதாக இருக்க வேண்டும். கருப்புக்கு உப்பை 80 கிராமிலிருந்து 50க்கு இறக்கினால் ஈரத் தேய்ப்புச் சோதனையில் நிறம் நிற்குமா? எந்த லிக்கர் ரேஷியோவில், அதாவது துணிக்கு எத்தனை மடங்கு தண்ணீரில்? மீட்டெடுத்த சல்பேட்டையே போட்டால் அடுத்த லாட்டில் ஷேடு நகர்கிறதா? இந்த மூன்றைக் குறித்துக்கொண்டு நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான தலைப்புகளில் நாலைந்துதான் மிஞ்சும். ‘சாயத்தில் புதுசாக என்ன வந்திருக்கிறது?’ என்று போகிறவருக்கு எல்லாமே புதுசு. பை நிறையக் கேட்டலாக் சேரும், அவ்வளவுதான்.

இதில் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கேள்வி இருப்பது டையிங் மாஸ்டரிடம். டிக்கெட் போடப்படுவது முதலாளிக்கு. ஷேடு ஏன் நகர்ந்தது என்று இரவு ஷிப்டில் தலையைப் பிய்த்துக்கொண்டவர் மிலானைப் பார்ப்பதில்லை. மிலானைப் பார்க்கிறவருக்கு இயந்திரத்தின் விலையும் வட்டிக் கணக்கும் தெரிந்த அளவு தொட்டிக்குள் நடப்பது தெரியாமல் போகலாம். முதலாளியே மாஸ்டராக இருந்து மேலே வந்த பட்டறைகளில் இந்த இடைவெளி இல்லை. அத்தகையவர்கள் திருப்பூரில் கணிசம். மற்ற இடங்களில் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் நிட்டிங், சாயம், காம்பேக்டிங், லேப் ஆகிய நால்வரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு கேள்வி எழுதி வாங்கிக்கொள்ளலாம். காம்பேக்டிங் மாஸ்டரின் கேள்வி பெரும்பாலும் சுருக்கத்தையும் துணி கோணுவதையும் பற்றியதாக இருக்கும். அதை எங்கே கேட்பது என்று தேடும்போதுதான், போகிறவர் தாமாக நுழைந்திருக்கவே மாட்டாத ஒரு அமர்வு அட்டவணையில் ஏறும்.

அடுத்தது சுருக்கங்களைப் படிப்பது. கட்டுரைச் சுருக்கங்கள் மாநாட்டுக்குச் சில நாள் முன்பே கைக்கு வந்துவிடும். தலைப்பைப் பார்த்து முடிவுசெய்வது வீண். ‘பசுமை’, ‘நிலைத்த’, ‘புதுமையான’ என்ற சொற்கள் எந்தக் கட்டுரையிலும் இருக்கும். எண்ணைத் தேட வேண்டும். எத்தனை கிலோ துணியில் செய்தார்கள்? பீக்கரில் 10 கிராம் துணியை முக்கி எடுத்த முடிவும், சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 300 கிலோ ஓட்டிய முடிவும் ஒன்றல்ல. உப்பில்லாமல் சாயமேற்றும் முறைகள் ஆய்வகத்தில் பல பத்தாண்டுகளாக வெற்றிபெற்றுக்கொண்டே இருக்கின்றன. பருத்தியை முன்கூட்டியே நேர்மின் தன்மை கொள்ளச் செய்தால் உப்புத் தேவை வெகுவாகக் குறையும் என்பதில் சந்தேகமில்லை. பட்டறையில் அதன் தலைவலி, சாயம் விரைந்து பிடித்துத் திட்டுத்திட்டாக ஏறுவது. சமமாக ஏறியதா என்பதற்குச் சுருக்கத்தில் ஒரு வரியும் இல்லையென்றால், அரங்குக்குப் போவதைவிடக் கட்டுரையாளரைத் தேநீர் வேளையில் பிடிப்பது மேல்.

நம்மூர் மாநாடுகளில் முதல் நாள் காலையை நம்பி எதையும் எழுதிவைக்கக் கூடாது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மலர் வெளியீடு, சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பது என்று ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய முதல் தொழில்நுட்ப அமர்வு பதினொன்றரைக்குத் தொடங்கும். அந்த இழப்பை மதிய உணவுக்கு முந்திய கடைசிக் கட்டுரையில் ஈடுகட்டுவார்கள். இருபது நிமிடம் ஏழு நிமிடமாகும். கேள்வி நேரம் காணாமல் போகும். அரங்கு ஏ-யில் 10:40க்கு ஒரு கட்டுரை, அரங்கு பி-யில் 11:00க்கு இன்னொன்று என்று தாவித் தாவிப் போட்ட திட்டம் இங்கே செல்லாது, ஏனென்றால் இரண்டு அரங்கும் ஒரே அளவில் தாமதமாவதில்லை. ஒரு அமர்வு என்றால் முழு அமர்வையும் எடுத்துக்கொண்டு ஒரே நாற்காலியில் இருந்துவிடுவதுதான் நடைமுறை. வேண்டாத இரண்டு கட்டுரைகளைச் சகித்துக்கொள்ள நேரும். அவற்றில் ஒன்று வேண்டியதாகிவிடுவதும் உண்டு.

சுவரொட்டி அமர்வுக்குத் திருப்பூர்க்காரர்கள் தரும் மதிப்பு குறைவு; மாணவர்கள் செய்வது என்று கடந்துபோகிறார்கள். கட்டுரைகள் பெருகி மேடை போதாமல் போனபோது வந்த ஏற்பாடு அது. 1969இல் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டத்தில் தொடங்கி உலகெங்கும் பரவியது. மேடையில் பேசுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். சுவரொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம் அரை மணி நேரம் பேசலாம். சோதனையை இரவெல்லாம் விழித்துச் செய்தவர் பெரும்பாலும் அவர்தான். எந்த இயந்திரத்தில், யாருடைய சாயத்தில், எத்தனை முறை கெட்டுப்போனது என்பதெல்லாம் அங்கே தயக்கமில்லாமல் வரும். அட்டவணையில் ‘இடைவேளை’ என்று அச்சாகியிருக்கும் நேரத்தை இதற்காகப் பேனாவால் கட்டம் போட்டு ஒதுக்கலாம்.

பக்கத்தில் நடக்கும் மாநாடுதான் அட்டவணைக்குக் கஷ்டம் என்பது கேட்க விநோதமாக இருக்கும். கோவைக்குப் போகிறவர் காலையில் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவிநாசி சாலையில் வண்டியை விட்டு, பத்து மணிக்குப் பதிவு மேசையில் நிற்கிறார். பதினொன்றுக்குப் போன்: நேவி ப்ளூ லாட் ஷேடு பிடிக்கவில்லை, மேலும் சாயம் சேர்த்து டாப்பிங் போடவா, வெளுத்துவிடவா? பன்னிரண்டுக்கு இன்னொன்று. சாப்பாடு முடிந்ததும் ‘ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்’ என்று கிளம்புகிறவர் மறுநாளும் வருவதில்லை. மிலானில் இருப்பவரை யாரும் டாப்பிங்குக்கு எழுப்ப மாட்டார்கள். இருக்கிறவர்களே முடிவெடுப்பார்கள், முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோவையில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்குவது பணக்கொழுப்பு போலத் தெரிந்தாலும், விலையேறிய மாநாட்டுக் கட்டணத்தை முழுசாக வசூலிக்க அதுதான் வழி. தங்க மனமில்லாதவர் அன்றைய பொழுதை ஒன்றரை ஷிப்டாகக் கணக்கிட வேண்டும்: எட்டரை முதல் ஐந்தரை வரை மாநாடு, போன் அணைந்திருக்கும், பட்டறை அதற்குப் பிறகு.

தூர மாநாட்டில் இடையூறு உடம்பிலிருந்து வருகிறது. ஜூனில் இத்தாலிய நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்தங்கியது. மாலை 4 மணிக்குத் தொடங்கும் கருத்தரங்கு திருப்பூர் உடம்புக்கு இரவு ஏழரை. அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஆகவே மிலானில் கவனித்துக் கேட்க வேண்டியதெல்லாம் காலையில், நடந்து பார்ப்பது மாலையில். சிங்கப்பூரில் இது தலைகீழ். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் காலை 9 மணி அமர்வு உடம்புக்கு ஆறரை. மதியத்துக்கு மேல்தான் மூளை சூடேறும். இட்மாவின் ஆசியப் பதிப்பான இட்மா ஆசியா 2025இல் சிங்கப்பூரில் நடந்தது, அக்டோபர் 28 முதல் 31 வரை, நான்கே நாள். அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20. போனஸ் வாங்கிக்கொண்டு தென்மாவட்டங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, கம்பெனிகள் இன்னும் முழு மூச்சில் ஓடாத வாரம் அது. ஏற்பாட்டாளர்கள் திருப்பூரை நினைத்துத் தேதி வைத்திருக்க மாட்டார்கள். இருந்தும் ஊரை விட்டுக் கிளம்ப இதைவிட நல்ல வாரம் ஆண்டில் அதிகம் கிடைக்காது. விசாவும் இந்தப் பின்னோக்கிய கணக்கில் சேர்த்திதான். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள்.

மிலானின் ரோ கண்காட்சி மைதானத்தை வரைபடத்தில் பார்ப்பது வேறு, காலால் அளப்பது வேறு. மெட்ரோவின் கடைசி நிலையத்தில் இறங்கினால், ஃபுக்ஸாஸ் வடிவமைத்த கண்ணாடிக் கூரை அலையலையாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது; அதன் இருபுறமும் கூடங்கள். ஒரு முனையில் வட்டப் பின்னல் இயந்திரமும் மறு முனையில் சாய இயந்திரமும் குறித்துக்கொண்டவர், அரை நாளில் இரண்டு தடவை குறுக்கே நடந்தாலே வேலை கெட்டது. அட்டவணையை நேரவாரியாகப் போடாமல் கூடவாரியாகப் போடுவது இங்கே நல்லது: ஒரு நாளுக்கு இரண்டு கூடம், அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். புது ஷூ வாங்காமல், பழகிய ஷூவை எடுத்து வைத்துக்கொள்வதும் திட்டத்தில் அடக்கம்.

குரூப்பாகப் போவது திருப்பூர் வழக்கம். ஒரே ஏஜெண்ட், ஒரே விமானம், ஒரே ஓட்டல், ராத்திரி ஒரே இடத்தில் ரசம் சாதம். செலவு குறைகிறது, பயம் குறைகிறது. ஆனால் இருபது பேர் ஒரே அரங்குக்குள் நுழைந்து ஒரே டெமோவைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இருபது பேருக்கும் தெரிந்தது ஒன்றேதான். ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்குள்ளவர்கள் மட்டுமாவது பிரிந்து போகலாம். சவ்வு ஒருவருக்கு, எவாப்பரேட்டர் இன்னொருவருக்கு, குறைந்த உப்புச் சாயம் மூன்றாமவருக்கு. துணி விலையில் போட்டியாளர்களாக இருக்கிறவர்களுக்குக் கழிவுநீரில் கூட்டாளியாக இருப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கூட்டு பேருந்தில் ஏறுவதோடு நின்றுவிடுவது ஏன் என்பது இன்னும் விளங்காத விஷயம். பகலில் பிரிந்து இரவில் அந்த ரசம் சாதத்தின் முன் கூடினால், ஒருவர் விட்டதை மற்றவர் சொல்ல அரை மணி நேரம் போதும். குறிப்புகளை அன்றிரவே சுத்தமாக எழுதிவிட வேண்டும்; மூன்றாம் நாளில் எல்லா இயந்திரமும் ஒரே இயந்திரமாகிவிடும்.

திரும்பும் நாளிலும் கொஞ்சம் கவனம் தேவை. சனிக்கிழமை வந்து இறங்கினால் சம்பள நாள்; கேட்டது கண்டதைக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலையில் கேள்வி எழுதிக் கொடுத்த நால்வரையும் கூப்பிட்டு, அவரவர் கேள்விக்குக் கிடைத்த பதிலைச் சொல்லிவிட்டு, கருப்பு ஷேடைச் சாம்பிள் இயந்திரத்தில் 10 கிலோ துணியில் ஓட்டலாம். உப்பு 80இல் ஒன்று, 50இல் ஒன்று, மற்றதெல்லாம் அப்படியே. நனைந்த துணியில் தேய்த்துச் சாம்பல் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அன்று மாலையே பதில் தெரியும். 50இல் நிறம் வெளுத்துப்போனால், தண்ணீரின் கடினத்தன்மை, லிக்கர் ரேஷியோ, மீட்ட உப்பின் தூய்மை ஆகியவற்றோடு அதைக் கட்டுரையாளருக்கு எழுதிவிடுவது நல்லது. பட்டறையில் ஓட்டிய லாட்டின் விவரம் ஆய்வகத்துக்குச் சுலபத்தில் கிடைக்கிற பொருள் அல்ல.